சைதாப்பேட்டை சாமியின் கல்லில் விட்டுப்போன பெயர்

1

அம்மா இறந்து ஆறு வருடம் ஆன அன்று காலை, என் மகள் ஷெரின் எனக்கு ஒரு கல்லறைக் கல்லின் படத்தை அனுப்பினாள்.

நான் அப்போது சலவை அறையில் இருந்தேன். நியூசிலாந்தில் ஹாமில்டன் என்ற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. துணி துவைப்பது மெஷின். நான் செய்வது பெயர் ஒட்டுவது. அங்கே வந்து சேரும் ஒவ்வொருவரின் துணியிலும், காலுறை உட்பட, பெயர் அச்சடித்த சின்னப் பட்டையை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்த வேண்டும். பெயர் இல்லாத துணி யாருடையதும் இல்லை என்று ஆகிவிடும். கொஞ்ச நாள் கூடையில் கிடந்துவிட்டுத் தானத்துக்குப் போய்விடும். என் கைக்கு வந்த துணி ஒன்றுகூட அப்படிப் போனதில்லை. திறமை இல்லை, பயம். பஸ் ஏறிய பிறகு, அந்த நீலக் காலுறைக்கு ஒட்டினேனா என்று சந்தேகம் வந்து, இறங்கித் திரும்பிப் போன நாட்கள் உண்டு.

படத்தோடு ஷெரின் இங்கிலீஷில் எழுதியிருந்தாள்: தாத்தா இவ்வளவு பெரிய ஆளா, பாரும்மா. பக்கத்தில் மூன்று இதயம்.

கறுப்பு கிரானைட், கண்ணாடி மாதிரி பளபளப்பு. நடுவில் ஒரு கிதார் செதுக்கியிருந்தது. 'சைதாப்பேட்டை சாமி' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் பெரிதாக. அதன் கீழே, 'உலகம் அறியாத ப்ளூஸ் கலைஞர்'. அதற்கும் கீழே ஒரு இரும்புத் தகடு, அதில் போனைக் காட்டினால் பாட்டு வரும் கட்டம் கட்டமான அந்தக் குறி. படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி தேடினேன்.

அம்மா பெயர் இல்லை.

அந்தக் குழியில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

2

வேறு ஊர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம், சொல்லிவிடுகிறேன். சென்னையில் கிறிஸ்தவக் கல்லறைகளில் இடம் கிடையாது. அதனால் ஒரு குழி ஒரு குடும்பத்துக்கு. ஒருவரை அடக்கம் செய்து, கல்லறை நிர்வாகத்தின் விதியில் சொல்லியிருக்கும் வருடங்கள் கழிந்த பிறகு, அதே குழியைத் திறப்பார்கள். மிச்சம் இருக்கும் எலும்பைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவரை இறக்குவார்கள். கல் அதேதான், கீழே ஒரு பெயர் கூடும். ஒரே கல்லில் நான்கு பெயர், ஐந்து பெயர் பார்க்கலாம். எங்களுக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. செத்த பிறகும் ஒண்டுக்குடித்தனம், அவ்வளவுதான்.

எங்கள் அப்பா ஆரோக்கியசாமி முதலில் போனார். பல வருடம் கழித்து அம்மா ரெஜினா மேரி. அப்பா கீழே, அம்மா மேலே.

அம்மா இறந்தபோது நான் போகவில்லை. போக முடியவில்லை என்று எழுதினால் எனக்கு ஆறுதலாக இருக்கும். விசா மாறும் நேரம். காகிதமெல்லாம் ஆபீசில் கிடந்தது. 'இப்போது வெளியே போனால் திரும்ப உள்ளே வருவது உங்கள் பொறுப்பு' என்றார் விசா ஆலோசகர். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து உட்கார்ந்துவிட்டேன். மேனேஜரிடம் போய் 'மை மதர் எக்ஸ்பயர்ட்' என்றேன். அவள் விழித்தாள். அந்த ஊரில் பால் பாக்கெட்டும் மாத்திரையும்தான் எக்ஸ்பயர் ஆகும். புரிந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் லீவு கொடுத்தாள். மூன்று நாளும் சமையலறை அலமாரியை உள்ளும் புறமும் துடைத்தேன்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. கல்லில் பெயர் வெட்டும்போது தம்பி சார்லஸ் போனைக் கல்லுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் இங்கிருந்து எழுத்து எழுத்தாகச் சொன்னேன். "ரெண்டு சுழி னா, டேய், மூணு சுழி போட்டுடப் போறாங்க!" என்று கத்தினேன். இன்னாருடைய மனைவி என்று போட வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்றும் நான்தான் சொன்னேன். ஆயுள் முழுக்க இன்னாருடைய மனைவியாகத்தான் இருந்தாள், கல்லிலாவது தனியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அம்மாவின் சாவில் என் பங்கு அந்த ஒரு வரி. அதைத்தான் பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

3

அப்பாவை மேடையில் சாமி என்றார்களோ என்னவோ, தெருவில் அவர் பெயர் லிஃப்ட்டு. தி.நகரில் ஐந்து மாடி ஜவுளிக் கடை ஒன்றில் லிஃப்ட் ஓட்டினார். முதலாளி தெற்கத்திக்காரர், கண்டிப்பானவர். லிஃப்ட்டுக்குள் பாடுகிறார் என்று இரண்டு தடவை வேலையை விட்டு நிறுத்தினார். இரண்டு தடவையும் அம்மா போய் நின்றாள், திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

மாலையில் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல் பேண்டில் அப்பா கிதார் வாசிப்பார். அங்கே ஒரு ஆங்கிலோ இந்தியரிடமிருந்து இந்த ப்ளூஸ் அவருக்குத் தொற்றியது. அமெரிக்காவில் பருத்திக் காட்டில் அடிமைப்பட்ட கறுப்பு ஜனங்களின் துக்கப் பாட்டு அது என்பார். ஒரு வரியைப் பாடி, அதே வரியை இன்னொரு தடவை பாடி, மூன்றாவது வரியில் விஷயத்தைப் போட்டு உடைப்பது. அம்மா ஒரே வரியை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லுவாள். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

அம்மா தி.நகரில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. பெட்பேன் எடுப்பது, தரை கழுவுவது, பிரசவம் ஆன பெண்களுக்கு உடம்பு துடைத்துவிடுவது. பெங்களூரில் வாய்ப்பு வருகிறது என்று அப்பா ஒரு வருடம் லிஃப்ட்டையும் விட்டார். அம்மா இரண்டு ஷிஃப்ட் பார்த்தாள். தம்பி சின்னவன், அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எட்டாவதோடு நான் நின்றேன். கிளாஸ் டீச்சர் சைதாப்பேட்டை வீடு வரை தேடிக்கொண்டு வந்தார். அப்பா கிதாருக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "அவளே வரமாட்டேன்னுட்டா டீச்சர்" என்றார்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை.

பெங்களூரில் ஒன்றும் நடக்கவில்லை. அப்பா நல்லவர், குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார் என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். சரி, நல்லவர்தான். அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இந்த வயதிலும் ஒரு ஃபாரத்தை நிரப்பும்போது படிப்பு என்ற கட்டத்தில் என் பேனா நின்றுவிடுகிறது. எந்தக் காகிதமானாலும் அடிவரை, ஒரு எழுத்து விடாமல், மூன்று தடவை படிக்கிறேன். படித்தவர்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

4

"ஒரு பேருக்காக இவ்ளோ தூரமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாளைக்கு நீங்க செத்தா உங்க பேரு வேணாமா?" என்றேன். அதற்கப்புறம் அவர் டிக்கெட் பற்றி மட்டும்தான் பேசினார்.

பத்து நாள் லீவு. விமான நிலையத்துக்கு ஐந்து மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்தேன். அம்மாவின் இறப்புச் சான்றிதழ், சார்லஸ் அன்றைக்குப் போனில் அனுப்பிய படத்திலிருந்து எடுத்தது, மூன்று பிரதி. மூன்றும் மூன்று பையில்.

சார்லஸ் இப்போது ஆதம்பாக்கத்தில் இருக்கிறான். தண்ணீர் கேன் ஏஜென்சியில் சூப்பர்வைசர். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"டேய், அம்மா பேரு எங்கடா?"

"இன்னாக்கா, வந்ததும் வராததுமா. மொதல்ல தண்ணி குடி."

"பேரு எங்கன்னு கேட்டேன்."

"அந்தப் பசங்க நல்ல பசங்கக்கா. அடையார்ல இருந்து வந்தாங்க. அப்பா பாட்டெல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. சாமியோட புள்ளன்னு எனக்கு ஒரு சால்வை போட்டாங்க. இத்தினி வருசத்துல எவன் எனக்கு சால்வை போட்டான், சொல்லு? கல்லு மாத்தறோம், கையெழுத்து வேணும்னாங்க. போட்டேன்."

"இன்னா எழுதியிருக்குன்னு படிச்சியா?"

"படிக்கறதுக்குத்தான் நீ கீறியே."

"அம்மா டெத் சர்டிபிகேட் ஒரிஜினல் எங்க?"

"வெள்ளத்துல போச்சு."

"பழைய கல்லு?"

"தூக்கும்போது ரெண்டா ஒடஞ்சுட்சாம். ஓரமா போட்டுருப்பாங்க."

சாப்பிடாமல் ஆட்டோ பிடித்தேன். கல்லறைத் தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் போய்விடுவேன், நாளைக்கு ஒரு சாவு என்றால் சார்லஸ்தான் அங்கே போய் நிற்க வேண்டும்.

புதுக் கல் படத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. சுற்றிலும் உள்ள சின்னச் சிமெண்டுச் சிலுவைகளுக்கு நடுவில் கல்யாண மண்டபம் மாதிரி. பூ வைத்திருந்தார்கள். கிதார் கம்பியை மீட்டும் சின்ன பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக்கூட யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பழைய கல்லைத் தேடினேன். குழாயடியில் கிடந்தது, கோணலாக உடைந்த கீழ்ப்பாதி மட்டும். அதன் மேல் ஒரு பக்கெட், பக்கெட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கெட்டை நகர்த்தினேன். 'னா மேரி'. ரெண்டு சுழி. சரியாகத்தான் வெட்டியிருந்தார்கள்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பக்கெட்டைக் காலால் உதைத்தேன். என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

5

அடையாறில், ஒரு காபிக் கடையில் அந்தப் பசங்களில் ஒருவனைப் பார்த்தேன். பெயர் விக்ரம். கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறில் கிதார். அவனும் அவன் நண்பர்கள் நான்கு பேரும் சேர்ந்துதான் கல் வைத்தார்கள். அப்பாவின் பழைய நண்பர் வீட்டில் கிடந்த ஒரு கேசட் இவர்கள் கைக்கு வந்திருக்கிறது. நான் திட்டத் தயாராகப் போயிருந்தேன். அவன் என்னைக் கண்டதும் எழுந்து நின்று காலைத் தொட்டுவிட்டான். இதற்கு நான் தயாராகப் போகவில்லை.

"ஆன்ட்டி, உங்க அப்பா ஒரு லெஜெண்ட்."

"எங்க அப்பா லிஃப்ட்டு ஆபரேட்டருப்பா."

"அதான் ஆன்ட்டி! அதான் ப்ளூஸே!"

காதில் மாட்டும் கருவியை என்னிடம் கொடுத்து ஒரு பாட்டைப் போட்டான். எங்கள் சைதாப்பேட்டை வீட்டில் பதிவு செய்தது. அப்பா தரையில் காலால் தாளம் தட்டுவது கேட்டது.

ஆத்துல தண்ணி ஏறுது, பாய சுருட்டி வையி,
ஆமா, ஆத்துல தண்ணி ஏறுது, பாய சுருட்டி வையி,
பொண்டாட்டி டூட்டிக்குப் போயிட்டா, எனக்கு நீச்சலும் தெரியாதே.

பாட்டு நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். மோசமாக இருந்திருந்தால் எல்லாக் கணக்கும் நேராகியிருக்கும். அந்தக் குரலில் ஒரு வெட்கம் இருந்தது, தன்னையே கிண்டல் செய்துகொள்ளும் ஒரு வெட்கம். வீட்டில் எங்களிடம் அப்பா அதைக் காட்டியதே இல்லை. கம்பியிடம்தான் காட்டியிருக்கிறார்.

பாட்டு சட்டென்று நின்றது.

"இதுக்கப்புறம் எங்கம்மா பேசுவாங்களே?" என்றேன். அந்தப் பதிவு நடந்தபோது நான் அந்த அறையில் இருந்தேன். வாசலில் இருந்து அம்மா, 'பாடினது போதும், கொழாயில தண்ணி வருது, கொடத்த எடு' என்று கத்தினாள். அப்பா சிரித்தார்.

"ஓ, அதுவா? அது நாய்ஸ் ஆன்ட்டி. க்ளீன் பண்ணிட்டோம்."

"நாய்ஸா?"

"ஐ மீன், ஒரு லேடி வாய்ஸ். கொழாய், கொடம்னு ஏதோ. மூடு ஸ்பாயில் ஆவுதுன்னு..."

"அந்த மூடுதாம்பா எங்க வூடு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் விடவில்லை. பழைய கல்லில் இரண்டாவது பெயர் இருந்ததே, கண் தெரியவில்லையா என்று கேட்டேன். அவன் சொன்ன பதிலை நான் ஒருபோதும் எதிர்பார்க்கவில்லை.

"பாத்தோம் ஆன்ட்டி. அது எழுத்து புதுசா இருந்துச்சு. ஒய்ஃப் ஆஃப்னு எதுவும் போடல. யாரோ அன்னோன் ஃபேமிலி, ஆள் வர்றதில்லன்னு தெரிஞ்சு, குழியை ஆக்கிரமிச்சுட்டாங்கன்னு நெனச்சோம். இந்த ஊர்ல நடக்குதே ஆன்ட்டி. சாமி சாரோட எடத்தைக் காப்பாத்தறோம்னுதான் நெனச்சோம்."

அம்மா ஆக்கிரமிப்பாம். முப்பது வருடம் அந்த ஆளைச் சுமந்தவள், அவர் குழியில் ஆக்கிரமிப்பு.

"ஒரு தடவையாவது எங்க தம்பிகிட்ட கேட்டீங்களா? அவருக்குப் பொண்டாட்டி இருந்தாங்களா, அவங்க பேரு இன்னா, எங்க பொதைச்சாங்கன்னு? கிதாரு எந்தக் கம்பெனின்னு கேட்டிருப்பீங்க."

"கேட்டோம்" என்றான், மெதுவாக. கிதாரைத்தான்.

காபியைக் குடிக்காமல் எழுந்தேன். வழி நெடுக எனக்கு ஒன்றே ஓடியது. பெயர் மட்டும் போதும் என்று சொன்னது நான். என் பெருமைக்குத்தான் அப்படிச் சொன்னேனோ?

6

கல்லறை ஆபீஸ் குமாஸ்தா என்னைவிடப் பொறுமைசாலி. அதுதான் அவர் ஆயுதம்.

பதிவேட்டைப் புரட்டினார். "இந்த நம்பர் குழியில ரெண்டு என்ட்ரி கீதும்மா. ஒண்ணு ஆரோக்கியசாமி. இன்னொண்ணு மிஸஸ் ஆரோக்கியசாமி."

"அவங்கதான் சார். ரெஜினா மேரி."

"இருக்கலாம். ரெஜினான்னு இதுல இல்லியே."

எட்டிப் பார்த்தேன். நீல மையில், அழகான இங்கிலீஷ் கையெழுத்தில், மிஸஸ் ஆரோக்கியசாமி. அவ்வளவுதான். கல்லில் இல்லை, கேசட்டில் இல்லை, புத்தகத்திலும் இல்லை.

"ஒரு ஆளுக்கு எத்தினி மிஸஸ் சார் இருப்பாங்க?"

"அதெல்லாம் நாங்க கேக்கக் கூடாதும்மா."

சான்றிதழ் பிரதியை நீட்டினேன். ஜெராக்ஸ் செல்லாது, அதுவும் போட்டோவோட ஜெராக்ஸ். ஒரிஜினல் வேண்டும். திருமணப் பதிவு பங்குக் கோயிலில் இருந்து வேண்டும். அந்தக் கோயில் பாதிரியாரின் கடிதம் வேண்டும். எல்லாம் சேர்த்துக் கொடுத்தால் அடுத்த மாதம் கமிட்டி கூடும்போது வைப்பார்.

"எனக்கு நாலு நாள்ல ப்ளைட்டு சார்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. 'மற்றும் மனைவி'ன்னு போட்டுக்கங்க. அதுக்கு ரெக்கார்டு கீது. இன்னிக்கே எழுதிக் குடுக்கறேன்."

மற்றும் மனைவி. ஜவுளிக் கடை போர்டில் 'மற்றும் சகோதரர்கள்' போடுவது மாதிரி. ஒரு நிமிடம், சரி என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எனக்கு ஆபீஸ் என்றாலே பயம், விசா ஆலோசகர் முன்னால் வந்த அதே பயம். அன்றைக்கு ஒருத்தர் சொன்ன வாக்கியத்துக்குப் பயந்துதான் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன் என்பது சரியாக அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது.

"அந்தப் பசங்களுக்குக் குடுத்த பர்மிஷன் காகிதத்தை நான் பாக்கலாமா சார்?"

"தாராளமா."

பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். மூன்று தடவை. குமாஸ்தா டிபன் பாக்ஸைத் திறந்து, முடித்து, கழுவியும் வைத்துவிட்டார். மூன்றாவது தடவையில்தான் கண்ணில் பட்டது. எழுந்து போய் மேஜையில் விரித்தேன்.

"சார், இதுல பாருங்க. 'பொறிக்க வேண்டிய வாசகம்: குடும்பத்தார் சொல்லும்படி.' கீழ பாருங்க. 'வேலை முடிந்தது' கையெழுத்து காலியா கீது. அப்ப இந்தப் பர்மிஷன் இன்னும் உயிரோட கீதா, இல்லியா?"

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அது சும்மா ஃபார்மாலிட்டிக்குப் போடறதும்மா."

"நானும் ஃபார்மாலிட்டிக்குத்தான் சார் கடல் தாண்டி வந்திருக்கேன். நான் குடும்பத்தாரா, இல்லியா?"

அவர் என்னைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த இயேசு படத்தைப் பார்த்தார். "எத்தனாவது படிச்சீங்க?" என்றார்.

"எட்டாவது."

"கையெழுத்து நாளைக்கு மறுநாள் போட்டுருவேன். அதுக்குள்ள இன்னா பண்ணுவீங்களோ பண்ணிக்கங்க. நான் பாக்கல."

7

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாங்கள் கல் முன்னால் நின்றோம். நான், சார்லஸ், உளி வைத்திருந்த கல் வெட்டும் ஆள். அவர் பெயர் முனுசாமி, கேட்டுக்கு வெளியே பெயர்ப் பலகை வெட்டும் கடை வைத்திருப்பவர்.

அவர் கல்லைத் தட்டித் தடவிப் பார்த்தார். "எடமே இல்லியேம்மா. ரொப்பிட்டு கீறாங்க. கிதாரு மட்டும் முக்கால்வாசி தின்னுட்ச்சு."

"இங்க?" என்று இரும்புத் தகட்டைக் காட்டினேன்.

"அத்தப் பேத்தா எடம் கீது. ஆனா அந்தப் பசங்க சண்டைக்கு வருவாங்க."

விக்ரமுக்குப் போன் போட்டேன். ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்தான். என்ன விஷயம் என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"ஆன்ட்டி, ஃபாரின்ல இருந்தெல்லாம் ஆள் வந்து ஸ்கேன் பண்றாங்க. அது போச்சுன்னா சாமி சார் பாட்டை யார் கேப்பா?"

"பாட்டு போன்ல கீதுல்ல? அது எங்கயும் போவாது. எங்கம்மா இங்க மட்டும்தான் கீறாங்க."

அவன் கொஞ்ச நேரம் கைப்பிடியில் ஹெல்மெட்டைத் தொங்கவிடுவதும் எடுப்பதுமாக இருந்தான். பிறகு முனுசாமியிடம், "ஸ்க்ரூ டிரைவர் இருக்கா அண்ணா?" என்றான். நான்கு திருகாணியையும் அவனே கழற்றினான். தகட்டைத் தன் சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"இன்னா எழுதணும்?" என்றார் முனுசாமி.

"ரெஜினா மேரி."

"இன்னாரோட மனைவின்னு போடவா?"

"வேணாம்."

"அப்ப மொட்டையா நிக்கும்மா. அவருக்குக் கலைஞர்னு கீது. இவங்க இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க?"

"ஆயா. நர்சிங் ஹோம் ஆயா."

சார்லஸ் என் கையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, சொன்னா கேளு. ஆயான்னு கல்லுல போடுவியா? வர்றவன் போறவன் பாப்பான். மானம் போவுது."

"அப்பாவுக்குக் கிதாரைப் போட்டாங்களே, அது இன்னா மானத்தைக் கொண்டாந்து குடுத்துச்சு உனுக்கு? நீ பிளஸ் டூ பாஸ் பண்ணது எந்தக் காசுல? பெட்பேன் கழுவின காசுல. போடுங்க, முனுசாமி."

அவர் சாக்பீஸால் எழுதினார். பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பெயரும் அந்தரத்தில் தனித்தனியாக நின்றன. நாளைக்கு இன்னொருத்தன் வந்து, யார் இந்த ஆயா, எப்படி இங்கே நுழைந்தாள் என்று கேட்பான். ஆறு வருடம் முன்னால் நான் விட்ட இடைவெளி அதுதான். அதை அடைக்கவும் வேண்டும், அம்மாவை அவருக்குக் கீழே தள்ளவும் கூடாது.

"இன்னும் ஒரு வரி போடுங்க" என்றேன். "மேலே எழுதியிருப்பவர் இவருடைய கணவர்."

முனுசாமி சாக்பீஸை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "முப்பது வருசமா வெட்டறேன். இப்பிடி எவனும் எழுதச் சொன்னதில்ல."

"தப்பா?"

"தப்பு இன்னா கீது. கணவர்தானே?"

விக்ரமும் சிரித்தான். சார்லஸ் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். உளி இறங்க ஆரம்பித்ததும் அவனும் திரும்பிப் பார்த்தான்.

பதினோரு மணிக்கு முடிந்தது. ஈரத் துணியால் தூசியைத் துடைத்துப் படம் எடுத்து ஷெரினுக்கு அனுப்பினேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். போனிலேயே மொழிபெயர்த்துப் பார்த்திருப்பாள் போல. பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

இங்கிலீஷில் பதில் வந்தது. 'பாட்டிக்கு ரெஜினான்னு பேரா?'

ஒரே ஒரு கேள்வி. கேலியே இல்லாத கேள்வி. பத்தொன்பது வயதுப் பெண். வாராவாரம் போனில் பாட்டியின் முகத்தைப் பார்த்து வளர்ந்தவள். நான் அவளிடம் பாட்டியோடு பேசு என்பேன், பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்பேன், பாட்டி செத்துவிட்டாள் என்றேன். பெயரைச் சொன்னதில்லை. குமாஸ்தாவை மடக்கினேன், விக்ரமைத் தலைகுனிய வைத்தேன், தம்பியை நாலு பேர் முன்னால் கேவலப்படுத்தினேன். என் வீட்டுக்குள் இருக்கும் பதிவேட்டிலும் அம்மா மிஸஸ் ஆரோக்கியசாமிதான்.

இனித் திட்டுவதற்கு வேறு ஆள் இல்லை. பிறகு அவளுக்கே போன் போட்டேன். அங்கே சாயங்காலம்.

"எங்க கீற?"

"ஆன் த பஸ், மா. கோயிங் ஹோம். வாட் ஹேப்பண்ட்?"

"அடுத்த ஸ்டாப்புல இறங்கு."

"வாட்? வொய்?"

"இறங்குடி. உக்கார எடம் பாத்து உக்காரு. கொஞ்ச நேரம் ஆவும்."

பஸ் கதவு மூடுகிற சத்தம், பிறகு காற்று. "ஓகே, ஐ'ம் சிட்டிங்" என்றாள்.

"அவங்க பேரு ரெஜினா மேரி" என்றேன். "மழை நாள்ல டூட்டிக்குப் போகும்போது ரப்பர் செருப்பைக் காலுல போட மாட்டாங்க, கையில புடிச்சிக்கினு போவாங்க. வார்டுல சேறு படக் கூடாதுன்னு..."